நாலாவது தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பொன்னுரங்கம் சமையற்கட்டுக்குள் வந்தார். அலமாரியில் இருந்த மருமகளின் போனை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரேகா திரும்பிப் பார்த்தாள்.

"அடுப்ப அணை. பதினோரு மணிக்கு அவன் லைவு வர்றான். இன்னிக்கு நீ என் கண்ணு எதிர்ல குந்திக்கினு இருக்கணும். தண்ணி குடிக்கக்கூட எயுந்து போவக் கூடாது."

"மீன் பாதி வெந்துகினு கீது மாமா."

"வேகாட்டி போவட்டும்."

'அவன்' யாரென்று அந்தத் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அவன் நடத்தும் சேனலின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்: 'பேரு வேணாம்'. முகம் காட்டுவதில்லை. ஒரு பச்சைச் சுவர், அதன்மேல் ஒரு நிழல், மிஷினில் மாற்றிய ஆண்குரல். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு அந்தக் குரல், மூன்று வருடம் முன்பு பொன்னுரங்கத்தின் விசைப்படகிலிருந்து கடலில் விழுந்து செத்துப்போன துரை அன்றைக்குக் குடித்திருக்கவில்லை என்றது. இரண்டாம் ஞாயிறு, அந்தப் படகு மீன்பிடித் தடைக்காலத்தில் விளக்கை அணைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் போன படகு என்றது. போகிறபோக்கில், "அடுத்த வாரம், துரை வுயுந்ததும் போட்ட திருப்ப வேணாம்னு சொன்னது யாருன்னு பேசுவோம்" என்று ஒரு வெடியையும் வைத்துவிட்டுப் போயிருந்தது.

அந்தப் படகில் அன்று நான்கே பேர். முதலாளி பொன்னுரங்கம். சுக்கான் பிடித்த மூத்த மகன் திருமுருகன். வலை இழுத்த குணசேகரன். ஐஸ் அறையில் மீன் அடுக்கிய துரை, வியாசர்பாடிக்காரன்.

குணசேகரன் இப்போது கொச்சியில் வேறு படகில் இருக்கிறான். நேற்றுகூட வீடியோ காலில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "எம் புள்ள மேல சத்தியமா நான் இல்ல மொதலாளி" என்று அழுதான்.

அப்படியானால் வீட்டுக்குள்தான் என்று பொன்னுரங்கம் முடிவு கட்டிவிட்டார். ஏனென்றால் போன வாரம் அந்தக் குரல் அவருடைய வாக்கியத்தையே அவருக்குத் திருப்பிச் சொன்னது. 'வெளக்கு இல்லாம போனத வெளிய எவனும் வாயத் தொறக்கக் கூடாது.' அதை அவர் தன் வீட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்லியிருந்தார்.

அப்போது வீட்டில் இருந்தவர்களில் அவர் மனைவி அங்கம்மாவுக்குப் போனில் பச்சைப் பொத்தானை அழுத்த மட்டும்தான் தெரியும். மிஞ்சியவள் பி.காம். படித்த மருமகள்.

கூடத்தில் டிவியை போனோடு இணைத்துவிட்டுத் திருமுருகன் தரையில் உட்கார்ந்திருந்தான். மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒயுங்கா சொல்லிடு ரேகா. எவனையாவது வெச்சு பண்றியா?"

"எனக்கு அதுல இன்னா வரப் போவுது?"

"அத நீதான் சொல்லணும். எங்க வூட்டு மானத்த சந்தி சிரிக்க வெச்சா உனக்கு இன்னா வருது?"

"அத்தே வரட்டும். அவங்க முன்னால கேளு, சொல்றேன்."

"எங்கம்மா எதுக்கு? அது பாட்டுக்கு முட்டிவலிக்கு எண்ணெக் கட்டு கட்டிக்கப் போயிருக்குது. அதையும் இதுல இஸ்து வுடாத."

சரியாகப் பதினோரு மணிக்குப் பச்சைச் சுவர் வந்தது. ஓரத்தில் எண் ஏறியது. எண்ணூறு. ஆயிரத்து நூறு. மூவாயிரம். குப்பத்தில் மூவாயிரம் பேர் கிடையாது. எங்கெங்கிருந்தோ பார்க்கிறார்கள்.

"பேரு வேணாம், வெசயம் போதும்," என்றது குரல். "இன்னிக்கு ஒரு தட்டப் பத்தி சொல்றேன்."

பொன்னுரங்கம் மருமகளைப் பார்த்தார். அவள் கைகள் மடியில் இருந்தன. போன் அவர் பையில் இருந்தது.

"அன்னிக்கு காலைல போட்டு கரைக்கு வந்துச்சு. வூட்ல நாலு பேருக்கு சோறு போட்டு மூடி வெச்சிருந்தாங்க. வந்தது மூணு பேரு. மூணு பேரும் கையக் கழுவிக்கினு துன்னாங்க. நாலாவது தட்டு அப்டியே கெடந்துச்சு. அத ஒரு பொம்பள எடுத்துக்கினு போயி, வூட்டுக்குப் பின்னால, கடலு உள்ள வராம கொட்டி வெச்சிருக்கிற கல்லாண்ட மண்ணத் தோண்டி பொதைச்சா. நாயிக்குக் கூட வெக்கல. நாலாவது ஆளுக்கு சோறு போட்டது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

ரேகா சட்டென்று டிவியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் தண்ணிலருந்து கத்துனான். 'அண்ணா, அண்ணா'ன்னு. ஒருத்தரு திருப்பலாம்னாரு. ஒருத்தரு வேணாம்னாரு. வேணாம்னு சொன்ன ஆளு இத பாத்துக்கினு கீறாரு, எனக்குத் தெரியும். அவரே வந்து சொல்லட்டும். அடுத்த ஞாயித்துக்கெயம வரைக்கும் டைமு. அதுக்கு மேல பேர நான் சொல்லுவேன்."

சுவர் மறைந்தது. கீழே கருத்துகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. 'கொலகாரப் பசங்க.' 'போட்ட கொளுத்துங்கடா.' 'ஓனர் வூடு எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியும்.'

தெருவில் யாரோ விசிலடித்தார்கள். அடுத்து ஒரு கல் வந்து தகரக் கூரையில் விழுந்து உருண்டது.

குரல் பேசியபோது ரேகா அதே அறையில், அவர் கண்ணெதிரில் இருந்தாள். அவள் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அது பொன்னுரங்கத்தின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

"ஆள வெச்சுதான் பண்றா," என்றார். "திருமுருகா, இவள காலடிப்பேட்டைக்கு, அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பு. யாருன்னு வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"மாமா, நான் இங்கதானே உக்காந்திருந்தேன்! நீங்கதானே பாத்தீங்க?"

"பாத்தேன். தட்டுன்னு சொன்னதும் உன் மூஞ்சி மாறுச்சு. அதையும் பாத்தேன்."



ரேகா கணவனைப் பார்த்தாள். அவன் டிவியையே வெறித்துக்கொண்டிருந்தான். "போ," என்றான். "கொஞ்ச நாளு அம்மா வூட்ல இரு."

"என்னோட போனு?"

"அது இங்கயே கெடக்கும்," என்றார் பொன்னுரங்கம்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள், குழாயடியில் நின்ற பெண்கள், எல்லோர் கையிலும் போன். எல்லோரும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். பத்து வருடமாக அவளை 'ரேகாம்மே' என்று கூப்பிட்ட ஒருத்தி, அவள் காலடியில் காறித் துப்பினாள்.

நெடுஞ்சாலைவரை தலைகுனிந்தே நடந்தாள். காலடிப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறவில்லை.

அந்தத் தட்டு. அதை அங்கம்மா புதைத்ததைச் சமையற்கட்டு ஜன்னல் வழியாக ரேகா பார்த்திருக்கிறாள். அப்போது ஆண்கள் மூவரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. உள்ளே வந்த மாமியார் கையை அலம்பிக்கொண்டே, "நாலு தட்டு போட்டேன்னு வெளிய சொல்லிடாதடி" என்றாள். இந்த மூன்று வருடத்தில் ரேகா யாரிடமும், புருஷனிடம்கூட, அதைச் சொன்னதில்லை.

தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள். வெளியே சொன்னது அவள் இல்லை என்றால்?

முட்டிக்கு எண்ணெய்க் கட்டு போட அங்கம்மா ஞாயிறுதோறும் போகிற இடம் கொருக்குப்பேட்டை. துரையின் மனைவி மதி, புருஷன் செத்த பிறகு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டை விட்டுக் குடிவந்த இடமும் கொருக்குப்பேட்டை.

ரேகா ரயில்வே ஸ்டேஷனை நோக்கி ஓடினாள்.

மதியின் வீடு அவளுக்குத் தெரியும். கூட்ஸ் வண்டிகள் நிற்கும் யார்டின் சுற்றுச்சுவரை ஒட்டிய சந்தில் மூன்றாவது கதவு. துரை போன இரண்டாம் மாதம் மாமனார் ஒரு பேப்பரைக் கொடுத்து, மாமியாரையும் அவளையும் அங்கே அனுப்பியிருந்தார். 'விபத்துன்னு எயுதியிருக்குது. கையெயுத்து வாங்கிக்கினு வாங்க.' மதி அழுதழுது கண் வீங்கிக் கிடந்தாள். கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, நீயே படி அக்கா என்றாள். ரேகா படித்தாள்.

எல்லா வரியையும் படிக்கவில்லை.

கதவைத் தட்டியதும் உள்ளே பேச்சு நின்றது. சற்று நேரம் கழித்துத் தாழ் விலகியது. மதி நின்றாள். வண்ணாரப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். விரல் நுனிகளில் சால்டரிங் சூடு பட்ட கறுப்புப் புள்ளிகள்.

"வா," என்றாள். "ஒரு வரிய முயுங்கிட்டு படிச்ச மகராசி. உள்ள வா."

பச்சைச் சுவர் எதிரே இருந்தது. மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு போன். ஸ்டூலில் உட்கார்ந்து, தலைக்கு மேல் போட்டிருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தாள் அங்கம்மா.

மருமகளைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. "தட்ட சொன்னதும் கண்டுபுட்ச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அத்தே, உங்களுக்கு இன்னா பைத்தியமா? மாமாவுக்குத் தெரிஞ்சா உங்கள உயிரோட வுடுவாரா? என்னைய வூட்ட வுட்டே தொரத்திட்டாரு. கூரை மேல கல்லு வுயுது!"

"வுயட்டும்."

"அடுத்த வாரம் மாமா பேர சொல்லப் போறீங்களா? கட்டின புருசன் பேர?"

அங்கம்மா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். மதி சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், இதற்குத்தான் காத்திருந்தவள்போல.

"உங்க மாமா பேரு இல்லடி," என்றாள் அங்கம்மா. "திருப்பலாம்னு சொன்னதே உங்க மாமாதான். வேணாம்னது உன் புருசன்."

"பொய்!"

"ரெண்டு மாசம் முன்ன டெங்கு வந்து கெடந்தானே. நீ ஆஸ்பத்திரில மாத்திரை வாங்கப் போன நேரத்துல உளறுனான். 'சுக்கான் என் கைல கீது, நான் திருப்ப மாட்டேன்'னு. ஒரு தபா இல்ல, நாலு தபா. காய்ச்சல் வுட்டதும் உக்கார வெச்சு கேட்டேன். மூஞ்சிய சொவத்து பக்கம் திருப்பிக்கினு ஆமான்னான்."

ரேகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். துரை போன அன்று அவன் அவள் மடியில் தலை வைத்து அழுதான். 'அப்பா கால்ல வுயுந்து கெஞ்சினேன் ரேகா, திருப்ப வுடல' என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மாமனாரை வெறுத்துக்கொண்டு, அவனோடு மூன்று வருடம் படுத்து எழுந்தாள்.

"என் வயித்துல பொறந்தவன்," என்றாள் அங்கம்மா. "அவன் பேர என் வாயால சொல்ல வரல. அதான் ஒரு வாரம் டைமு குட்த்தேன். அவனா வந்து சொல்லிட்டா எனக்கு அந்த வேல இல்ல."

"அவரு வர மாட்டாரு," என்றாள் ரேகா.

"உங்க வூட்டு கதைய அப்பால பாத்துக்கங்க," என்று மதி குறுக்கே வந்தாள். "நீ இப்ப எனக்கு பதில் சொல்லு. எம் புருசன் வியாசர்பாடி புத்த விகார்ல, குடிக்க மாட்டேன்னு பஞ்சசீலம் எடுத்தவன். ஒரு சொட்டு தொட்டதில்ல. அவன் 'போதைல தவறி வுயுந்தான்'னு எயுதி எங்காண்ட கையெயுத்து வாங்கினிங்க. கேஸு அதோட முடிஞ்சுச்சு. மூணு வருசமா எம் பொண்ண இஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்றாங்க. அந்த வரிய நீ படிக்கல. கண்ணுல படாம வுட்டியா, தெரிஞ்சு வுட்டியா?"

யார்டில் ஒரு எஞ்சின் வண்டிகளை இடித்துச் சேர்க்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதான்."

"அவன் குடிக்க மாட்டான்னு தெரியுமா?"

"தெரியும். என் கல்யாணத்துல எல்லாரும் ஊத்திக் குட்த்தாங்க. சோடா போதும்னு சிரிச்சுக்கினே போனவரு."

மதி கையை ஓங்கினாள். ஆனால் கை இறங்கவில்லை. அங்கம்மா தடுக்கவும் இல்லை.

"அடிச்சுடு," என்றாள் ரேகா.

"அடிச்சா உனக்கு லேசாப் பூடும். அடிக்க மாட்டேன்."

ரேகா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலைக் காட்டி, "அத்தே, நீங்க எயுந்திரிங்க," என்றாள். மதியிடம், "லைவ் போடு."

"துண்டு?"

"வேணாம். கொரலயும் மாத்தாத."

மதி போனைத் தட்டினாள். அங்கம்மா கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

அறிவிப்பில்லாத லைவ். ஆனாலும் எண் மளமளவென்று ஏறியது. பச்சைச் சுவருக்கு முன்னால் முதல்முறையாக ஒரு முகம்.

"எம் பேரு ரேகா," என்று ஆரம்பித்தாள். "பொன்னுரங்கம் மருமவ. திருமுருகன் பொண்டாட்டி. மூணு வருசம் முன்னால துரையோட சம்சாரத்துக்கு ஒரு பேப்பரப் படிச்சுக் காட்டினேன். அதுல 'மதுபோதையில் இருந்ததால் நிலைதவறி விழுந்தார்'னு ஒரு வரி இருந்துச்சு. அத நான் படிக்கல. படிச்சா அவ கையெயுத்து போட மாட்டான்னு தெரியும். அது பொய்யின்னும் தெரியும். துரை குடிக்கல. பொய்ய எயுதினவங்க பேர அவங்க சொல்லட்டும். மறைச்சது நான்."

மதி போன் திரையைப் பார்த்துக் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். குரலில் இரக்கமே இல்லை. "'நாடகக்காரி.' 'மூணு வருசம் எங்கடி போயிருந்த?' 'புருசன் கூட சண்டையா, அதான் வந்து வாந்தி எடுக்கிறியா?'"

"எல்லாம் சரிதான்," என்றாள் ரேகா காமிராவைப் பார்த்து. "கேளுங்க. நான் எங்கயும் ஓடப் போறதில்ல."

அப்போதுதான் மணி அடித்தது.

அங்கம்மாவின் இடுப்புச் சுருக்குப்பைக்குள் இருந்து, அவளுடைய சின்ன பட்டன் போன். காது மந்தமானவர்களுக்கென்று மகன் வைத்துக்கொடுத்த சத்தமான நாதஸ்வர மணி. அந்தச் சிறிய அறையை அது நிறைத்தது. அங்கம்மா பதறிப் பையை அழுத்தினாள். நிற்கவில்லை. ஒருவழியாக ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

ரேகாவுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் அம்மா மேல் சந்தேகம் வந்திருக்கிறது. நம்பரை அழுத்திவிட்டு, லைவில் மணி கேட்கிறதா என்று பார்க்கிறான்.

"ஒரு கமெண்ட்டு வந்துகீது," என்றாள் மதி மெதுவாக. "திருமுருகன்னு பேரோட. 'அம்மா, போன எடு.'"

ஏழாயிரம் பேர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கம்மா பையிலிருந்து போனை வெளியே எடுத்தாள். ரேகா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அங்கம்மா அவளைத் தாண்டி நடந்து வந்து, காமிராவுக்கு நேராக நின்றாள். முக்காடு இல்லை. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"நாந்தான்டா," என்றாள். "எல்லாம் நாந்தான்."

பட்டன் போனின் கரகரத்த ஒலி அறை முழுக்கக் கேட்டது.

"தெரியும்மா. அன்னிக்கு சோறு போட்டு மூடி வெச்சது நீதானே, தட்டுன்னு சொல்றப்பவே சந்தேகப்பட்டேன்." அவன் குரலில் அழுகையை விடக் கோபம் அதிகமாக இருந்தது. "என் பேர சொல்லப் போறியா? சொல்லு. ஊரே காறித் துப்பட்டும். ஆனா பாதிக் கதைய சொல்லிட்டு நிறுத்தாத. துரை தவறி வுயல. வெளக்கப் போடு, இல்லாட்டி நானே போடுவேன்னு சண்டை புட்ச்சான். அப்பா புட்ச்சுத் தள்ளுனாரு. தள்ளிட்டு அவரே பயந்து போயி திருப்புடா திருப்புடான்னாரு. அவன் உயிரோட கரைக்கு வந்தா அப்பா ஜெயிலுக்குப் போவாரு. அதான் நான் சுக்கான திருப்பல. இப்ப சொல்லு, யாரு பேர சொல்லப் போற?"

பின்னால் பொன்னுரங்கத்தின் அலறல் கேட்டது. ஏதோ கண்ணாடி நொறுங்கியது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

 ரேகா எழுந்து அங்கம்மாவின் தோளைப் பிடித்தாள்.

மதி அழவில்லை. ஸ்டாண்டோடு காமிராவைத் தூக்கினாள். இரண்டே எட்டில் வந்து, அதை அந்தச் சின்ன போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"துரை சம்சாரம் பேசறேன்," என்றாள். "கடைசில சொன்னிங்களே, தள்ளுனாருன்னு. அத இன்னொரு தபா சொல்லுங்க. சத்தமா."

மறுமுனை துண்டிக்கப்படவில்லை. யாரோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அது தன் மகனா, அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்ட புருஷனா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.